கேளுங்கள், சொல்கிறேன்: “நான் ஒரு ஜங்லி” என்றவர்

சென்ற இதழில் ஹாக்கி பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, “1928-இல் ஒலிம்பிக்கில் நமக்கு முதல் தங்கம் வந்தபோது கேப்டன் ஜெய்பால் சிங், முண்டா பழங்குடியில் பிறந்தவர்” என்று ஒரு வரி போட்டேன். அதே பக்கத்தின் கடைசியில், இறங்குகிறவர்களுக்கு வழிவிடாமல் முண்டியடித்துப் பேருந்தில் ஏறுகிறவர்களைக் “காட்டான்கள்” என்றும் எழுதிவிட்டேன். முதல் வரியைப் பிடித்துக்கொண்டு ஏகப்பட்ட கடிதங்கள். இரண்டாவது வரிக்கு ஒரே ஒரு கடிதம்தான், அதுதான் சுட்டது. எனவே இந்த முறை பக்கம் முழுக்க ஒரே ஆளைப் பற்றித்தான். முருங்கை, மூட்டுவலி, கிரிக்கெட் எல்லாம் அடுத்த இதழுக்கு.

*

கேள்வி: எங்கள் சமூகத்தின் பெயர் காட்டுநாயக்கர். பெயரிலேயே காடு இருக்கிறது. ஒரே பக்கத்தில் ஒரு பழங்குடித் தலைவரைப் புகழ்ந்துவிட்டு, கீழே “காட்டான்” என்று திட்டுகிறீர்களே, எழுதும்போது கை கூசவில்லையா? (கல்லூரி மாணவி, கூடலூர்)

பதில்: கூசவில்லை அம்மா. கூசாமல் எழுதியதுதான் தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு வெட்கக்கேடும் இருக்கிறது. இந்தப் பாடத்தை நான் ஒரு தடவை படித்தவன். 1971-இல், இருபத்து மூன்று வயதில், ராஞ்சியில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். பதினாறு வருஷம் அங்கே இருந்தேன். சேர்ந்த புதிதில் ஒருநாள் கேன்டீன் வரிசை. எனாமல் குவளையோடு நின்றிருந்த ஒரு கூலித் தொழிலாளி வரிசை தெரியாமல் கொஞ்சம் முன்னே போய்விட்டார். மேற்பார்வையாளர் ஒருவர், “ஏ ஜங்லி, பீச்சே!” என்று கத்தினார். ‘ஏ காட்டான், பின்னாடி போ’ என்று அர்த்தம். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு முன்னால் நின்ற குமாஸ்தா மட்டும் சிரிக்கவில்லை. அவர் உராவ் பழங்குடி. மத்தியானம் டீக்கடையில் என்னிடம் சொன்னார்: “அந்த வார்த்தையை எங்க ஆள் டில்லிக்கே போய், எல்லாப் பெரிய மனுஷனும் உட்கார்ந்திருந்த சபையில் தானே சொல்லிட்டு வந்துட்டார். இந்த ஆளுக்கு அது தெரியாது.”

எனக்கும் தெரியாது. அன்றைக்குத்தான் ஜெய்பால் சிங் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டேன்.

அவர் சொன்ன சபை, அரசியல் நிர்ணய சபை. நாள், 1946 டிசம்பர் 19. நேரு கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானத்தின் மீது விவாதம் நடந்துகொண்டிருந்தது. பீகாரிலிருந்து சுயேச்சையாக வந்த ஜெய்பால் சிங் எழுந்தார். நல்ல ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலத்தில், நான் ஒரு ஜங்லி, எங்கள் பக்கத்தில் எங்களை அப்படித்தான் அழைப்பார்கள், அதில் எனக்குப் பெருமைதான் என்றார். என் மக்கள் ஆறாயிரம் வருஷமாகக் கேவலமாக நடத்தப்பட்டவர்கள், இங்கே உட்கார்ந்திருக்கிற நீங்கள் பெரும்பாலானோர் என் பார்வையில் வந்தேறிகள் என்றார். பழங்குடிகளுக்கு ஜனநாயகத்தை நீங்கள் கற்றுக்கொடுக்க முடியாது, அவர்களிடமிருந்து நீங்கள்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். இவ்வளவும் சொல்லிவிட்டு, புதிய அத்தியாயம் தொடங்குகிறோம் என்கிற உங்கள் வார்த்தையை நான் நம்புகிறேன் என்று முடித்தார்.

அதே பேச்சில் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: இந்தச் சபையில் ஆண்கள் மிகவும் அதிகம், பெண்கள் இன்னும் வேண்டும். 1946-இல்!

*

கேள்வி: மாடு மேய்த்த பையன் ஆக்ஸ்ஃபோர்டு போனது எப்படி? கதை மாதிரி இருக்கிறதே? (ஆசிரியர், திருச்சி)

பதில்: கதை மாதிரிதான். ராஞ்சிக்குத் தெற்கே குந்தி என்றொரு ஊர். அதன் பக்கத்தில் டக்ரா பாஹன்டோலி என்கிற குக்கிராமம். பாஹன் என்றால் முண்டாக்களின் கிராமப் பூசாரி. டோலி என்றால் சேரி, தெரு என்று வைத்துக்கொள்ளலாம். பூசாரித் தெரு. அங்கே 1903 ஜனவரி 3-இல் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் பிரமோத் பாஹன். சின்ன வயதில் மாடு மேய்த்தார்.

கிறிஸ்தவக் குடும்பம், ஆங்கிலிக்கன் சபையினர். ராஞ்சியில் அந்த மிஷன் நடத்திய செயின்ட் பால்ஸ் பள்ளியில் சேர்ந்தார். பையனின் படிப்பையும் பந்து ஆடுகிற லாகவத்தையும் கவனித்த தலைமையாசிரியர் கேனன் காஸ்கிரேவ், 1918-இல் இங்கிலாந்துக்குத் திரும்பும்போது அவரையும் கூட்டிப் போனார். முதலில் கேன்டர்பரியில், பாதிரியார் பயிற்சி தரும் ஒரு கல்லூரி. மிஷன்காரர்களின் கணக்கு எளிதானது: பையன் பாதிரியாராகித் திரும்பி வந்து, தன் ஊரில் பிரசங்கம் செய்வான். பையன் அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்டு செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குப் போய், பொருளாதாரத்தில் ஹானர்ஸ் முடித்தார். ஹாக்கியில் ‘ப்ளூ’ வாங்கினார். கேம்பிரிட்ஜுக்கு எதிராகப் பல்கலைக்கழகத்துக்கு ஆடுகிறவர்களுக்குத்தான் அந்தப் பட்டம். ஹாக்கியில் அதை வாங்கிய முதல் இந்திய மாணவர் அவர்.

பாதிரியார் மட்டும் ஆகவில்லை. பிரசங்கம் செய்தார், வேறு விதமாக.

*

கேள்வி: ஐ.சி.எஸ். வேலையை ஹாக்கிக்காக உதறினார் என்கிறார்களே, நிஜமா? அப்படியானால் இறுதிப் போட்டியில் அவர் ஏன் ஆடவில்லை? (ஹாக்கி ரசிகர், கோவில்பட்டி)

பதில்: கோவில்பட்டிக்காரர் கேட்டால் ஹாக்கியைப் பற்றி அலட்சியமாக எழுத முடியாது. ஐ.சி.எஸ். தேறி, இங்கிலாந்தில் பயிற்சியில் இருந்தார். இந்திய அணிக்குக் கேப்டனாக வரச்சொல்லி அழைப்பு வந்தது. லீவு கேட்டார், இல்லை என்றார்கள். போய்விட்டார். திரும்பி வந்தபோது, விட்டுப்போன பயிற்சிக்காக இன்னும் ஒரு வருஷம் இரு என்றார்கள். அவர் வேலையை விட்டுவிட்டார். அந்தக் காலத்தில் ஐ.சி.எஸ். என்றால் ஜில்லாவுக்கே ராஜா. முண்டா வீட்டுப் பையனுக்குக் கைக்கு வந்த அந்த நாற்காலியை ஒரு மட்டைக்காக விட்டார். எங்கள் கணக்குப் பிரிவில் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள்: “பென்ஷனே எவ்வளவு வந்திருக்கும்!”

ஆம்ஸ்டர்டாமில் ஆஸ்திரியாவை 6–0, பெல்ஜியத்தை 9–0, டென்மார்க்கை 5–0, சுவிட்சர்லாந்தை 6–0. இறுதிப் போட்டி மே 26. ஹாலந்தை அவர்கள் ஊரிலேயே 3–0. மொத்தம் 29 கோல் அடித்தோம், ஒன்றுகூட வாங்கவில்லை. 14 கோல் தியான் சந்துடையது. தடுப்பாட்டக்காரரான ஜெய்பால் லீக் ஆட்டங்களில் ஆடினார். இறுதிப் போட்டிக்கு முன்பே அணியை விட்டுப் போய்விட்டார். துணைக் கேப்டன் பின்னிகர்தான் அன்று அணியை நடத்தினார். மேலாளருடன் தகராறு என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் காரணம். அதற்கு மேல் இன்றைக்கும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

எனக்கு அதில் சுவாரஸ்யம் வேறு. இந்த மனிதர் ஒரு வாசலில் உள்ளே போனால், அநேகமாக இன்னொரு வாசல் வழியாக வெளியே வந்துவிடுவார். ஐ.சி.எஸ். விட்டார். பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் வேலை; அதையும் விட்டார். மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானாவில், அச்சிமோட்டா கல்லூரியில் ஆசிரியர். பிறகு சிற்றரசர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ராய்ப்பூர் ராஜ்குமார் கல்லூரி. அப்புறம் பிக்கானேர் சமஸ்தானத்தில் அமைச்சர். இடையில், காங்கிரஸின் முதல் தலைவர் டபிள்யூ.சி. பானர்ஜியின் பேத்தி தாராவைக் கல்யாணம் செய்துகொண்டார். 35 வயதுக்குள் இத்தனையும். டக்ராவுக்கும் அவருக்கும் நடுவே இருபது வருஷமும் மூன்று கண்டமும் வந்துவிட்டன.

*

கேள்வி: ஜெய்பால் சிங் என்பது பஞ்சாபிப் பெயர் போல இருக்கிறதே? சில இடங்களில் முண்டா என்று சேர்த்தும், சில இடங்களில் சேர்க்காமலும் எழுதுகிறார்கள். எது சரி? (வாசகர், காரைக்குடி)

பதில்: பிரமோத் பாஹன், பள்ளிக்கூடத்தில் ஜெய்பால் சிங் ஆனார். சபைக் குறிப்புகளிலும் நாடாளுமன்றப் பதிவேட்டிலும் அதுதான். முண்டா என்பது இனத்தின் பெயர். பின்னால் வந்தவர்கள் சேர்த்து அழைப்பது. ஊர் மக்கள் இரண்டையும் சொல்ல மாட்டார்கள். ‘மராங் கோம்கே’ என்பார்கள். மராங் என்றால் பெரிய. கோம்கே என்றால் எஜமான், தலைவர். பெரிய தலைவர், அவ்வளவுதான். நம்மூர்ப் பட்டங்களோடு ஒப்பிட்டால் ரொம்பச் சிக்கனம்.

*

கேள்வி: சமஸ்தானத்து அமைச்சராக இருந்தவர் அரசியலுக்கு வந்தது எப்படி? (வாசகி, சேலம்)

பதில்: சோட்டாநாக்பூர் மேட்டு நிலத்தில் ‘டிக்கு’ என்றொரு சொல் உண்டு. வெளியாள் என்று பொருள். வட்டிக்காரன், ஜமீன் ஆள், குமாஸ்தா எல்லாரும் அதில் அடக்கம். (நானும்தான். சம்பளம் எண்ணிக் கொடுத்த டிக்கு.) அந்த வெளியாட்களிடம் நிலம் போய்க்கொண்டே இருந்தது. பிர்சா முண்டா போராடிச் சிறையில் 1900-இல் செத்தார். 1908-இல் ஒரு குத்தகைச் சட்டம் வந்தது. பழங்குடி நிலத்தை மற்றவர்கள் வாங்குவதற்கு அது தடை போட்டது. இருந்தும் நிலம் கசிவது நிற்கவில்லை. படித்த பழங்குடிகள் சிறு சிறு சபைகளாக இருந்தார்கள்: லூத்தரன் தனி, ஆங்கிலிக்கன் தனி, கத்தோலிக்கர் தனி. 1938-இல் அவை சேர்ந்து ஆதிவாசி மகாசபை ஆனபோது, எல்லாருக்கும் பொதுவாக ஒரு பெரிய ஆள் வேண்டியிருந்தது. 1939 ஜனவரி ராஞ்சிக் கூட்டத்தில் ஜெய்பால் சிங் தலைவரானார்.

அப்போது அவர்களது முக்கியக் கோரிக்கை, பீகாரிலிருந்து பிரிந்து தனி மாகாணம். அறுபது வருஷம் கழித்து நடக்கப்போவதை அன்றே கேட்டார்கள்.

*

கேள்வி: 1948 கர்சாவான் துப்பாக்கிச் சூட்டுக்கு இவர்தான் காரணம் என்று படித்தேன். சரியா? (வாசகர், மதுரை)

பதில்: சுட்டது அவர் இல்லை; ஒரிசா போலீஸ். ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு முள் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனசில்லை.

கர்சாவான் ஒரு சின்ன சமஸ்தானம். 1948 ஜனவரி 1 முதல் அது ஒரிசாவோடு சேரும் என்று முடிவானது. அங்கிருந்த பழங்குடிகளில் பெரும்பாலோருக்கு அதில் விருப்பமில்லை. எதிர்ப்புக் கூட்டத்துக்கு ஜெய்பால் சிங் வந்து பேசுவார் என்று ஊர் ஊராகச் சொல்லியாயிற்று. அன்று வியாழக்கிழமை, சந்தை நாள். கூட்டத்துக்கு வந்தவர்களும், சந்தைக்குக் கோழியும் காய்கறியும் கொண்டுவந்தவர்களுமாகத் திடல் நிறைந்தது. பலர் வில் அம்போடு வந்திருந்தார்கள். அங்கே ஆண்கள் வெளியே கிளம்பினால் அது கையில் இருக்கும். காத்திருந்தார்கள். அவர் வரவில்லை. கூட்டம் நகர்ந்தது, போலீஸ் சுட்டது.

35 பேர் செத்தார்கள் என்று அப்போது செய்தித்தாள் போட்டது. ஊர் மக்கள் சொல்லும் கணக்கு அதைப்போலப் பல மடங்கு. உடல்களைக் கிணற்றில் போட்டார்கள் என்பார்கள். அதே வருஷம் கர்சாவான் பீகாருக்கு மாற்றப்பட்டது. அதாவது, அவர்கள் எதிர்த்த முடிவை அரசாங்கமே சில மாதத்தில் மாற்றிக்கொண்டது.

எங்கள் தொழிற்சாலையில் கர்சாவான் பக்கத்து ஆட்கள் சிலர் இருந்தார்கள். ஜனவரி 1 அன்று லீவு போடுவார்கள். புதுவருஷக் கொண்டாட்டம் என்று நினைத்து ஒருவருக்கு “ஹேப்பி நியூ இயர்” சொல்லியிருக்கிறேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு அங்கே நினைவிடத்துக்குப் போய் எண்ணெய் ஊற்றிக் கும்பிடுவார்கள் என்பதை மறு வருஷம்தான் தெரிந்துகொண்டேன். மராங் கோம்கே ஏன் வரவில்லை என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். “வந்திருந்தா சுட்டிருக்க மாட்டான்னு எங்க அப்பா சொல்வார். வந்திருந்தா அவரையும் சுட்டிருப்பான்னு அம்மா சொல்வார்” என்றார்.

*

கேள்வி: அரசியல் நிர்ணய சபையில் வீர வசனம் பேசினார், சரி. பலன் என்ன? (வழக்கறிஞர், தஞ்சாவூர்)

பதில்: வக்கீல் கேள்வி. இடஒதுக்கீடும், பழங்குடிப் பகுதிகளுக்கான ஐந்தாவது அட்டவணையும் வந்ததில் அவர் குரலுக்கும் பங்குண்டு. அவர் தோற்ற இடங்கள்தான் எனக்கு அதிகம் பிடிக்கும்.

ஒன்று, ஆதிவாசி என்கிற சொல். அரசியலமைப்பில் அந்தச் சொல்லே வேண்டும் என்று நின்றார். இந்தி மொழிபெயர்ப்பில் ‘பன்ஜாதி’, அதாவது வனஜாதி என்று போட்டிருந்ததைக் கண்டு கொதித்தார். தன்னை ஜங்லி என்று சொல்லிக்கொண்ட அதே ஆள், சட்டப் புத்தகம் காட்டுச் சாதி என்று எழுதக் கூடாது என்றார். அம்பேத்கரின் பதில் வக்கீல் பதில்: ஆதிவாசி என்பது பொதுச் சொல், யாரை வேண்டுமானாலும் அதில் சேர்க்கலாம், அட்டவணைப் பழங்குடி என்றால் பட்டியல் போட்டு வரையறுத்தது, சட்டத்தில் பிடி உண்டு. சட்டப்படி அம்பேத்கர் சொன்னது சரி. ஆனால் ‘ஆதியில் இருந்தவர்’ என்கிற உரிமைக் குரல் அதில் காணாமல் போயிற்று. தமிழில் நமக்குப் ‘பழங்குடி’ என்ற சொல் வாய்த்திருக்கிறது. பழமையும் உண்டு, குடி என்கிற மரியாதையும் உண்டு. ஜெய்பாலுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் இதைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்.

இன்னொன்று, கள். சரியாகச் சொன்னால் அரிசி பீர். ராஞ்சியில் ஹாண்டியா, முண்டாரியில் இலி. வடித்த சோற்றில் மூலிகை மாவு உருண்டையைப் பொடித்துக் கலந்து, பானையில் மூடி மூன்று நாலு நாள் வைப்பார்கள். அப்புறம் தண்ணீர் விட்டு வடித்தால், நம்மூர் நீராகாரம் கொஞ்சம் கோபித்துக்கொண்டது போல இருக்கும். (இலைத் தொன்னையில் ஊற்றித் தருவார்கள். நான் குடித்ததை என் மனைவி இந்தப் பக்கத்தில்தான் முதலில் படிக்கப் போகிறார்.) மதுவிலக்கை வழிகாட்டு நெறியாகச் சேர்க்கும் விவாதம் 1948 நவம்பரில் வந்தது. காந்தியவாதிகள் நிறைந்த சபை. அங்கே எழுந்து இவர் சொன்னார்: கொட்டும் மழையில், முழங்கால் சேற்றில், நாள் முழுக்க நின்று நாற்று நடுகிறவர்களுக்கு அரிசி பீர் இல்லையென்றால் மேற்கு வங்காளத்தில் நடவே நடக்காது, அதில் என்ன சத்து இருக்கிறது என்று டாக்டர்கள் ஆராயட்டும். எங்கள் சாமி கும்பிடும் முறையில் கை வைக்கிறீர்கள் என்றும் சொன்னார். நெறி நிறைவேறியது. ஹாண்டியாவும் நிற்கவில்லை, வாரச் சந்தையில் இன்றும் பெண்கள் பானையோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

*

கேள்வி: கடைசியில் கட்சியைக் காங்கிரஸிடம் அடகு வைத்தவர்தானே? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: அடகு என்றால் மீட்கலாம். இது மீளவில்லை.

1950 தொடக்கத்தில் மகாசபையை ஜார்க்கண்ட் கட்சியாக மாற்றி, பழங்குடி அல்லாதவர்களுக்கும் கதவைத் திறந்தார். சின்னம் சேவல். (1989 தேர்தலில் நம்மூரில் ஜெயலலிதா அணிக்காக ஒரு சேவல் கூவியது நினைவிருக்கலாம், 1952-இல் தேர்தலுக்கு வந்த இது அதற்கு முப்பத்தேழு வருஷம் மூத்தது.) 1952 தேர்தலில் பீகார் சட்டசபையில் 32 இடம், பிரதான எதிர்க்கட்சி. ஜெய்பால் மக்களவைக்குப் போனார். சாகும்வரை அங்கே இருந்தார். 1957-இல் 31 இடம். 1962-இல் 20. இறங்குமுகம்.

நடுவில் 1955-இல் மாநில மறுசீரமைப்புக் குழு தனி மாநிலம் கிடையாது என்றது. பழங்குடிகள் அந்தப் பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் அதிகம், அவர்களுக்குள்ளேயே பல மொழி, சுரங்கமும் ஆலையும் போனால் பீகார் படுத்துவிடும் என்பவை காரணங்கள். மொழிதான் அன்றைக்கு மாநிலம் வாங்கித் தந்த சாவி. ஆந்திரா, கேரளம், கர்நாடகம் எல்லாம் அப்படித்தான் வந்தன. முண்டாரி, சந்தாலி, ஹோ ஒரு குடும்பம். உராவ்களின் குடுக் மொழியோ நம் தமிழின் குடும்பம். என் குமாஸ்தா நண்பர் டீக்கடையில் கண்ணைத் தொட்டு “கன்” என்றும், பல்லைத் தொட்டு “பல்” என்றும் சொன்னபோது நான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். ‘நான்’ அவர்களுக்கு ‘ஏன்’, ‘நீ’ அவர்களுக்கு ‘நீன்’. இப்படிப்பட்ட மக்களை ஒரே மாநிலமாக்க எந்த மொழியைக் காட்டுவது? நிலத்தைக் காட்டினார் ஜெய்பால். அந்தச் சாவி அன்று எந்தப் பூட்டிலும் சேரவில்லை.

அவரிடமும் குறைகள் இருந்தன. பெரும்பாலும் டில்லியில் இருப்பார். 1957-இல் ராஞ்சி கிழக்குத் தொகுதியில் பம்பாய்க்காரரான மினு மசானி இவர் கட்சியின் தயவில் ஜெயித்து எம்.பி. ஆனார். “டிக்குவை எதிர்க்கிற கட்சி பார்சி ஐயாவுக்கு ஓட்டுக் கேட்குது” என்று சொந்த ஆட்களே முணுமுணுத்திருக்கிறார்கள்.

1963 ஜூனில் கட்சியைக் காங்கிரஸில் கரைத்தார். முதலமைச்சர் பினோதானந்த் ஜா இவரை அமைச்சராக்கினார். சில வாரங்கள்தான். மூத்தவர்கள் பதவி விலகிக் கட்சி வேலைக்குப் போகவேண்டும் என்று ஒரு திட்டம் வந்து, ஜா நாற்காலியை விட்டு இறங்கினார். அதோடு இவர் பதவியும் போயிற்று. திட்டத்தின் பெயர் உங்களுக்குத் தெரியும்: காமராஜ் திட்டம். நாம் தியாகம் என்று பாடப்புத்தகத்தில் படித்தது, குந்தியில் வேறு மாதிரி நினைவில் இருக்கிறது. சேர்ந்தது தப்பு என்று கடைசிக் காலத்தில் அவரே வருந்தியதாக அங்கே சொல்வார்கள். அவர் கட்சியிலிருந்து பிரிந்தவர்கள் ஆளுக்கொரு ஜார்க்கண்ட் கட்சி வைத்தார்கள். 1970 மார்ச் 20-இல் டில்லியில் காலமானார். நான் ராஞ்சிக்குப் போய்ச் சேர்ந்தது மறு வருஷம்.

*

கேள்வி: இன்றைக்கு அங்கே அவரை யாராவது நினைக்கிறார்களா? (வாசகி, வேலூர்)

பதில்: 2000 நவம்பர் 15, பிர்சா முண்டா பிறந்தநாளில் ஜார்க்கண்ட் மாநிலம் வந்தது. பீகாரின் தென்பகுதி மட்டும். அவர் கேட்ட ஒரிசா, வங்காள, மத்தியப் பிரதேசப் பகுதிகள் சேரவில்லை. ராஞ்சியில் அவர் பெயரில் ஒரு ஸ்டேடியம் இருக்கிறது. 2021 முதல், பழங்குடி மாணவர்கள் இங்கிலாந்து போய்ப் படிக்க மராங் கோம்கே பெயரில் மாநில அரசு உதவித்தொகை தருகிறது. அவர் எழுதிய நினைவுக் குறிப்புகள் 2004-இல்தான் புத்தகமாயின. ‘லோ பிர் செந்த்ரா’ என்று பெயர். எரிகிற காட்டில் வேட்டை என்று அர்த்தம்.

ஆனால் அவரை நினைவுபடுத்துவது எனக்கு அந்த ஸ்டேடியம் அல்ல. அறுவடை முடிந்த வயலில் நடக்கும் ‘கஸ்ஸி’ ஹாக்கி. கஸ்ஸி என்றால் கிடா. அதுதான் பரிசு. நான் பார்த்த ஒரு ஆட்டத்தில் கிடாவைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் புளியமரத்தில் கட்டியிருந்தார்கள். பந்து வரும்போதெல்லாம் அது கத்தியது. மூங்கிலைத் தீயில் வாட்டி வளைத்த மட்டை, மூங்கில் வேர்க்கட்டையைச் செதுக்கிய பந்து, வெறுங்கால். கீழே அரிதாள் குத்தும். ஜெயித்த ஊர்க்காரர்கள் கிடாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மேளத்தோடு போனார்கள். அந்தச் சிம்டேகா, குந்தி வயல்களிலிருந்துதான் 1975 உலகக் கோப்பை அணியின் மைக்கேல் கிண்டோ, 1980 மாஸ்கோ தங்க அணியின் சில்வானஸ் டுங்டுங், நம் காலத்தில் நிக்கி பிரதான், சலீமா டேட்டே எல்லாரும் வந்தார்கள்.

இன்னொன்று, கல். முண்டாக்கள் இறந்தவர்களுக்குக் கல் நடுவார்கள். எந்தக் குலத்தின் கல்லோ அந்தக் குலத்தின் ஊர். 2017 வாக்கில் குந்திப் பக்கத்து ஊர் எல்லைகளில் ஆளுயரப் பலகைக் கற்களை நட்டு, பச்சை வர்ணம் அடித்து, அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையையும் கிராமசபை உரிமைகளையும் எழுதிவைத்தார்கள். பத்தல்கடி என்று பெயர். அரசு ஆயிரக்கணக்கானவர்கள் மீது வழக்குப் போட்டது. 2019 கடைசியில் வந்த புதிய அரசு அவற்றைத் திரும்பப் பெற முடிவெடுத்தது. சபையில் அவர் பேசிப் பெற்றதைக் கல்லில் எழுதியதற்கு வழக்கு. அவர் இருந்திருந்தால் இங்கிலீஷில் ஒரு பிடி பிடித்திருப்பார்.

*

கேள்வி: அவர் ஊருக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: ஒரே தடவை. 1976 என்று ஞாபகம். குமாஸ்தா நண்பரோடு குந்தி பஸ்ஸில் போய், அங்கிருந்து செம்மண் பாதையில் நடந்தோம். அவரை அடக்கம் செய்ததும் அந்த ஊரில்தான். வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி முறத்தில் மஹுவா பூ உலர்த்திக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்டோம். குடித்து முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நண்பரிடம் முண்டாரியில் ஏதோ கேட்டார். “எந்த ஊர்க்காரன்னு கேட்கிறாங்க” என்றார் நண்பர். மதராஸ் பக்கம் என்றேன். ரயிலில் இரண்டு நாள் என்றேன்.

பாட்டி அடுத்ததாகக் கேட்டது: “அங்கே காடு இருக்கா?”

இருக்கிறது, பெரிய காடு என்றேன்.

“அதுல யார் இருக்காங்க? அவங்க பேரு என்ன?”

கூடலூர் மாணவிக்கு: அன்றைக்கு எனக்கு ஒரு பெயரும் தெரியவில்லை. காட்டு ஜனங்கள் என்று இந்தியில் சொன்னேன். நண்பர் அதை மொழிபெயர்க்காமல், “தெரியலையாம்” என்று சொல்லிவிட்டார்.